துளசிக்குச் சோறு போடுவது யார்?

பல ஆண்டுகளுக்கு முன், திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு எங்களோடு தங்க வந்த என் தாயார், ஊர் மண்ணோடு ஒரு துளசித் தொட்டியையும் கொண்டுவந்தார். சந்துக்குள் இருந்த எங்கள் ஒற்றை அறையில் வெயில் எட்டிப்பார்க்காது. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். ஆனாலும் இலைகள் வெளுத்து, தண்டு மெலிந்து, செடி பட்டுப்போயிற்று. "பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அம்மா. உண்மையில் அது பட்டினியால் செத்தது.

மண்ணும் நீரும் இருந்தும் பட்டினியா என்று கேட்பீர்கள். மண்தான் செடியின் உணவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் தொட்டியில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ்தான். நீரே மரமாயிற்று என்று முடிவு கட்டினார். அது பாதி உண்மை. மீதி காற்றில் இருந்தது.

இலையின் நுண்துளைகள் வழியே கரியமிலவாயு உள்ளே போகிறது. வேர் நீரை அனுப்புகிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடித்து, அந்தச் சக்தியால் நீரைப் பிளக்கிறது. நீரிலிருந்து பிரிந்த பிராணவாயு வெளியேறுகிறது. அதைத்தான் நாம் சுவாசிக்கிறோம். மிஞ்சிய ஹைட்ரஜன், கரியமிலவாயுவோடு சேர்ந்து சர்க்கரையாகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. மண் தருவது உப்பு மட்டுமே. சோறு சமைப்பது இலை, அடுப்பு சூரியன். நம் தட்டிலுள்ள அரிசியும் பருப்பும், மாடு தின்ற புல் வழியே வரும் பாலும் அந்தச் சமையலில் பிறந்தவையே.

இதை நேரில் காண வேண்டுமா? தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் நகரத்துக் குப்பை கொட்டிய இடத்தில் மரங்கள் நட்டு வளர்த்து, 1994-ல் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 37 ஏக்கர். குப்பைமேடு காடாயிற்று, அந்த மரங்களின் உடம்பில் பெரும்பகுதி மும்பைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது.

அடுத்த துளசியை நான் இரும்பு ஏணியின் மேல்படியில், வெயில் படும் இடத்தில் வைத்தேன். அது தழைத்தது. அம்மா இருந்தவரை, முழங்கால் வலியோடு ஏணி ஏறி அதற்கு விளக்கு வைத்தார்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள அன்பர்களே, உங்கள் ஜன்னலில் வெயில் விழும் ஒரு சாண் இடத்தைச் செடிக்குக் கொடுங்கள். ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, இலைகள் நமக்குச் சமைப்பதைக் காட்டுங்கள்.