காணாத துகளுக்கு வானம் இட்ட வரம்பு

ரசத்தில் கரைந்துவிட்ட உப்பைக் கண் காண்பதில்லை. ஆயினும் கூடிவிட்டால் நாக்கு உடனே சொல்லிவிடும். அதுபோல, எந்தக் கருவிக்கும் இதுவரை அகப்படாத ஒரு துகளைப் பற்றி வானத்தைப் பார்த்தே விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் பெயர் ஆக்சியான்.

அணுக்கருவிலுள்ள நியூட்ரான், மின்னூட்டமுள்ள குவார்க்குகளால் ஆனது. ஆகவே அதனுள் நேர்மின்னும் எதிர்மின்னும் சற்றே விலகியிருக்கக் கொள்கை இடம் தருகிறது. ஆனால் எவ்வளவு நுட்பமாகச் சோதித்தும் அவ்விலகல் தென்படவில்லை. இதற்கு 1977-இல் பெச்சே, குவின் என்னும் இருவர் ஒரு விளக்கம் கூறினர். அது உண்மையானால் இலேசான புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று 1978-இல் வைன்பர்க்கும் வில்செக்கும் தனித்தனியே காட்டினர். சிக்கலைக் கறைபோல் நீக்கியதால், ஒரு சலவைத் தூளின் பெயரையே வில்செக் அதற்குச் சூட்டினார்!

அதன் நிறை என்ன? கொள்கை சொல்லவில்லை. இங்கேதான் அண்டம் சாட்சி சொல்கிறது. ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்த ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். அண்டம் தோன்றிய புதிதில் விரிவு மிக வேகமாக இருந்ததால், ஆக்சியான் புலமும் அப்படியே அசையாது நின்றது. வேகம் தணிந்ததும் ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டமே ஆக்சியான் கூட்டம். துகள் எவ்வளவு இலேசோ, அவ்வளவு தாமதமாக ஆட்டம் தொடங்கும். விரிவினால் நீர்த்துப்போவதும் குறையும். ஆகவே, இலேசான துகளே அண்டத்தில் அதிகப் பாரத்தை ஏற்றும்! அண்டத்தின் மொத்தத்தில், ஈர்ப்பினால் மட்டும் அறியப்படும் கரும்பொருள் சுமார் 27 சதவீதமே. ஆகவே ஆக்சியானின் நிறை, எலக்ட்ரானின் நிறையில் ஏறக்குறைய 5000 கோடியில் ஒரு பங்குக்கு மிகவும் கீழே போனால் கணக்கு மீறிவிடும். இதை 1983-இல் மூன்று குழுவினர் கண்டனர். ஊஞ்சல் முதலில் எவ்வளவு விலகி நின்றது என்பதைப் பொறுத்து இவ்வரம்பு நகரக்கூடும்.

மேல் வரம்பும் உண்டு. நிறை கூடினால் ஆக்சியான் மற்றத் துகள்களோடு அதிகமாக உறவாடும். ஆதி வெப்பத்தில் ஏராளமாக உண்டாகி, நியூட்ரினோக்களைப் போல விரைந்தோடும். பிளாங்க் விண்கலம் ஆதி ஒளியை அளந்தது. 2018-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, அவ்வாறு விரைந்தோடிய துகள் வகைகளின் கணக்கு 2.99, பிழை 0.17. நாம் அறிந்த நியூட்ரினோ வகைகளோ மூன்று. நான்காவது விருந்தாளிக்கு முழு இலை போட இடமில்லை!

இந்த வரம்புகளுக்கு நடுவேதான் தேடல் நடக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், வலிய காந்தத்தினுள் மிகவும் குளிர்ந்த உலோகப் பெட்டியை வைத்து, ஆக்சியான் நுண்ணலையாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் 'இங்கே இல்லை' என்னும் ஒவ்வொரு விடையும் தேட வேண்டிய இடத்தைச் சுருக்குகிறது.

தோழியரே, கண்ணுக்குத் தெரியாததை இல்லையென்று தள்ளவும் வேண்டாம். சோதிக்காமல் உண்டென்று சாதிக்கவும் வேண்டாம். அளவோடு படைத்த ஆண்டவர், அளந்து பார்க்கும் அறிவையும் நமக்கு அளித்திருக்கிறார் அல்லவா?