தெருவும் திண்ணையும்

வடசென்னையின் பழந்தெருவொன்றில் என் பாட்டியார் வாழும் இல்லம் உள்ளது. பாட்டனார் அதனைக் கட்டிய காலத்தில், தெருவினின்று மூன்று படிகள் ஏறியே திண்ணையை அடைதல் வேண்டும் என்பர். யான் சிறுவனாயிருந்தபொழுது ஏறியது ஒரு படியே. இப்பொழுதோ ஒரு படி இறங்கி உள்ளே புகுகின்றோம். வீடு தாழ்ந்ததோ எனின், அன்று, தெருவே உயர்ந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல்மழை பொழிந்த காலை, தெருநீர் அவ்வில்லத்தினுள் புகுந்தது. பாட்டியார் இரண்டு இரவுகளைக் கட்டிலின்மேல் அமர்ந்தே கழித்தார். தெருவைச் செப்பனிடுதல் நற்செயலேயாகவும், அது வீட்டிற்குத் தீங்காய் முடிந்தது எவ்வாறு? இதனை ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், சாலை என்பது யாது என அறிதல் வேண்டும். நம் கண்ணுக்குப் புலனாவது கரிய மேற்பரப்பு ஒன்றே. அதன்கீழ் இறுக்கிய மண்ணும், அதன்மேல் சரளையும், அதன்மேல் சல்லியும், அதன்மேல் தார் கலந்த சல்லியும் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. ஊர்திகளின் பாரத்தை முடிவில் தாங்குவது அடிமண்ணே. இவ்வுண்மையை உலகிற்கு வற்புறுத்தியவர், ஸ்காத்லாந்தில் பிறந்து, 1816-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்கு மேற்பார்வையாளராய் அமர்ந்த ஜான் லௌடன் மக்காடம் என்பார். மண் உலர்ந்திருக்குமளவும் எப்பாரத்தையும் தாங்கும். நனைந்தவிடத்து நெகிழும் என்பது அவர் கொள்கை. எனவே, சாலையாவது மண்ணை நனையாமற் காக்கும் கூரை போல்வது எனலாம். ஆறு அவுன்ஸ் நிறைக்கு மேற்பட்ட கல்லை அவர் ஒப்பாராயினார். சிறு கற்களே ஒன்றோடொன்று கோத்து இறுகும் என்பதே காரணம்.

இனி, நாம் தார் என வழங்கும் பொருளை நோக்குவோம். பண்டு இட்டது நிலக்கரியினின்று எடுத்த தார். இன்று இடுவது, கச்சா எண்ணெயை வடித்த பின்னர் அடியில் எஞ்சும் பிட்டுமன். இதனையும் சல்லியையும் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்திற் கலந்து, சூடு ஆறுமுன் பரப்பி, உருளைப் பொறியால் அழுத்துகின்றனர். கலவையின் நூறு பங்கில் பிட்டுமன் ஐந்து பங்கு அளவினதே. அச்சிறு பங்கே கற்களைப் பிணிப்பது. நீரை உட்புகாது தடுப்பதும் அதுவே.

ஆயினும், நீரே அதற்குப் பெரும்பகை. நீர் தேங்கினால் நுண்ணிய வெடிப்புகளின் வழியே உள்ளிறங்கிப் பிட்டுமனைக் கல்லினின்று பிரிக்கும். சக்கரம் ஏறுந்தோறும் அந்நீர் அழுத்தமுற்றுக் கற்களைப் பெயர்க்கும். பின்னர்க் குழி தோன்றும். இதனைத் தடுக்கவே சாலையின் நடுவை உயர்த்தி, இருமருங்கும் சரிவு அமைக்கின்றனர். நூற்றுக்கு இரண்டு என்னும் சரிவில், 10 மீட்டர் அகலமுள்ள சாலையின் நடு, ஓரத்தினும் 10 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். ஓரத்தை அடைந்த நீரை ஏற்க வடிகால் வேண்டும். வடிகாலின் வாய் மண்ணால் அடைபடின், எத்துணைச் சிறந்த கலவையும் நில்லாது.

இனி நம் வினாவிற்கு வருவோம். தேய்ந்த சாலையின்மேல் புதிய அடுக்கொன்றை இடுதல் எளிது, விரைவில் முடிவது, பார்வைக்கும் அழகியது. ஒரு முறைக்கு 4 சென்டிமீட்டர் கனம் எனக் கொள்வோம். ஐந்து முறை இட்டால் 20 சென்டிமீட்டர் ஆகும். அஃது ஒரு படியின் உயரம்! என் பாட்டியார் இழந்த படிகள் இவ்வாறே ஒவ்வொன்றாய் மறைந்தன. மக்காடம் சாலையைச் சுற்றுநிலத்தினும் உயர்த்துக என்றார். வயல்வெளியில் அது தக்கதே. அங்கு நீர் வயலுக்கு ஓடும். வீடுகள் நெருங்கிய நகரத்தில் நீர் எங்கு ஓடும்? தாழ்ந்த இல்லங்களுக்கே ஓடும். அதிலும் சென்னை, கடல்மட்டத்தினும் சில மீட்டர்களே உயர்ந்த சமநிலம். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், அகன்ற தெருவிற்கு ஆற்றை உவமை கூறினார். அஃது அகலம் கருதிய உவமை. மழைக்காலத்தில் நம் தெருக்கள் உவமையை விடுத்து ஆறாகவே ஆகிவிடுகின்றன.

இதற்குத் தீர்வு உண்டு. புதிய அடுக்கை இடுமுன் பழைய அடுக்கை அதே அளவிற்குச் சுரண்டி எடுத்தலே அது. வழக்கில் இதனை மில்லிங் என்பர். வன்மை மிக்க பற்கள் பதித்த உருளை சுழன்று மேற்பரப்பைப் பெயர்த்தெடுக்கும். பெயர்த்த பொருளும் வீணன்று. பக்குவஞ்செய்து புதிய கலவையிற் சேர்த்தல் கூடும். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டாது சாலை இடலாகாது என அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். ஆணை ஏட்டில் இருப்பது போதாது. தெருவில் நடத்தல் வேண்டும்.

பிறிதொரு குறையும் உளது. சாலை இட்ட சின்னாளில் குடிநீர்க்குழாய்க்கென ஒருவரும், மின்கம்பிக்கென மற்றொருவரும் அதனை அகழ்கின்றனர். அகழ்ந்த பள்ளத்தைச் செவ்வனே இறுக்காமல் மூடுதலின் அவ்விடம் தாழ்ந்து நீர் தேங்குகின்றது. பெங்களூரில் டெண்டர் ஷ்யூர் என்னும் திட்டத்தில் சில சாலைகளில் குழாய்களையும் கம்பிகளையும் நடைபாதையின்கீழ் ஒழுங்குபடுத்தி அமைத்தனர். பழுது பார்க்க நடைபாதையின் மூடியைத் திறந்தாற் போதும், சாலையை வெட்டவேண்டுவதில்லை. கீழுள்ளதை முதலிற் செய்து, மேலுள்ளதைப் பின்னர்ச் செய்தலே முறை.

பொருளுடையார் தம் வீட்டை ஜாக்கிகளால் தூக்கி உயர்த்திக்கொள்கின்றனர். அஃது இலார் யாது செய்வர்? வாயிலில் செங்கல் அடுக்கி, வானத்தை நோக்கி இருப்பர். ஒரே தெருவில் ஒருவர் உயர மற்றவர் மூழ்குதல் ஊருக்கு அழகன்று.

சென்ற ஆண்டு எம் பாட்டியார் தெருவைப் புதுப்பிக்க வந்தனர். யானும் அண்டை வீட்டு மாணவர் இருவரும் நிலைப்படியருகே சுவரிற் கோடிட்டு, தெருவிற்கும் கோட்டிற்கும் உள்ள தொலைவை அளந்து குறித்து, சுரண்டிய பின்னரே இடுக எனப் பணிவுடன் வேண்டினோம். பொறியாளர் கோட்டை உற்று நோக்கினார், இசைந்தார். பணி முடிந்தபின் மீண்டும் அளந்தோம்; அளவு மாறவில்லை. இழந்த படிகள் மீளவில்லை என்பது மெய்யே. ஆயினும், இன்னும் ஒரு படியை இழக்கவில்லை. மாணவ நண்பர்காள்! உங்கள் தெருவிற்குச் சாலைப்பொறி வருமுன் ஓர் அளவுகோலும் ஒரு சுண்ணக்கட்டியும் கையிற் கொண்டு வாயிலில் நில்லுங்கள். என் பாட்டியார் இன்றும் அக்கோட்டை அழிக்க ஒருவரையும் விடுவதில்லை.