ஆடலுக்கு இசையே உயிர்



நடனம் பயிலும் பெண்களின் பெற்றோர் என்னிடம் பலமுறை ஒரு கேள்வி கேட்டிருக்கின்றனர். “ஐயா, எங்கள் குழந்தை அடவுகளைப் பிசகின்றிப் போடுகிறாள். தாளமும் தப்புவதில்லை. ஆயினும் பார்ப்பவர் உள்ளம் உருகவில்லையே, என்ன குறை?” என்பது அக்கேள்வி. நான் நடன ஆசிரியன் அல்லன். விருதுநகர்ச் சீமையில் பல்லாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். ஆயினும் கற்கும் முறை எக்கலைக்கும் பெரும்பாலும் ஒன்றே. வாய்பாட்டை ஒப்பிக்கும் மாணவன் கணக்கறிந்தவன் ஆகிவிடமாட்டான். அதுபோலவே, எண்ணி ஆடும் பெண்ணும் இசையறிந்தவள் ஆகிவிடமாட்டாள்.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளுடைய அரங்கேற்றத்திற்கு வேண்டிய ஆசிரியர்களின் இலக்கணத்தை இளங்கோவடிகள் வரிசையாகக் கூறுகிறார். ஆடலாசிரியன் ஒருவன் மட்டுமா? இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அனைவரும் உடனிருக்கின்றனர். காலுக்கு ஓர் ஆசிரியன் போதும். செவிக்குப் பலர் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து!

செவியைப் பழக்குவது எவ்வாறு? முதற்படி சொற்கட்டு. தகிட என்றால் மூன்று; தகதிமி நான்கு; தகதகிட ஐந்து; தகிடதகதிமி ஏழு; தகதிமிதகதகிட ஒன்பது. இவற்றைக் குழந்தை முதலில் தரையில் அமர்ந்து, கையால் தாளமிட்டு, வாயால் சொல்லவேண்டும். மூன்று காலங்களிலும் தடுமாறாமல் சொல்ல வந்த பின்னரே எழுந்து ஆடவேண்டும். வாய் சொல்ல அறியாததைக் கால் ஆட முயன்றால், உடல் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். வாய் அறிந்ததைக் கால் ஆடினாலோ, தாளமே உடலைத் தாங்கிச் செல்லும்.

இவ்வுண்மையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் தென்மாவட்டங்களில் இராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் முழக்கம் ஒன்றே ஆட்டக்காரரை நடத்துகிறது. அடி மாறியதும், காலில் சலங்கையும் கையில் துணியுமாக நிற்கும் வரிசை முழுவதும் ஒருசேர மாறுகிறது. அங்கு எவரும் ஒன்று இரண்டு என்று எண்ணுவதாகத் தெரியவில்லை. குழந்தைப் பருவம் முதல் கேட்ட முழக்கம் அவர்கள் உடம்பில் ஊறியிருக்கிறது.

எண்ணிக்கை வேண்டியதில்லை என்று நான் கூறுவதாக எண்ணற்க. 1913-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஸ்திராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ என்னும் பாலே நடனம் முதன்முதலாக அரங்கேறியது. அவையோரின் கூச்சலில் வாத்திய இசை ஆடுவோர் காதில் விழவில்லை. நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நின்று எண்ணிக்கையைக் கூவிக் கூவி அவர்களை நடத்தினாராம். அத்தகைய கடினமான தாளத்தைப் பயிற்றுவிக்க அவருக்குத் துணைபுரிந்த மேரி ராம்பர்ட், டால்குரோஸ் என்ற சுவிட்சர்லாந்து இசையாசிரியரின் மாணவி. இசையை உடலசைவின் வாயிலாகவே கற்பிக்க வேண்டும் என்பது டால்குரோஸின் முறை. ஆகவே, எண்ணிக்கை சாரம் போன்றது. கட்டடம் எழும்பும் வரை அது வேண்டும். எழும்பிய பின்னும் அதனைப் பிரிக்காமல் விட்டால், காண்பவருக்குக் கட்டடம் தெரியாது, சாரமே தெரியும்.

இரண்டாம் படி பாட்டு. இங்கே நமக்கு வழிகாட்டி பாலசரசுவதி அம்மையார் (1918–1984). வீணை தனம்மாளின் பேர்த்தி. கந்தப்பப் பிள்ளையின் மாணவி. ஏழாம் வயதில், 1925-இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். தாயார் ஜெயம்மாளே அவருடைய ஆடலுக்குப் பாடினார். அம்மையாரும் தாமே பாடிக்கொண்டு அபிநயம் செய்வதுண்டு. பாட்டின் ஒரே அடி மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் இராகம் ஒரு புதிய வளைவைக் காட்டும். அதற்கேற்பக் கையிலும் கண்ணிலும் ஒரு புதிய பொருள் பிறக்கும். முன்னரே கட்டி வைத்த அபிநயத்தில் இது வாராது. பாடத் தெரிந்த உடலில்தான் வரும். 1973-இல் சென்னை மியூசிக் அகாடமி, இசைவாணர்க்கே உரிய சங்கீத கலாநிதி விருதை அவருக்கு அளித்ததன் பொருத்தம் இப்போது விளங்கும். மதுரையில் பிறந்து 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியும் டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசைப் பெரியோரைத் தம் நிறுவனத்திற்கு அழைத்து வந்தார்.

மூன்றாம் படி மௌனம். இசையில் கார்வை என்றொரு நிறுத்தம் உண்டு. பயிற்சி குறைந்தவர் அந்த இடைவெளியைக் கண்டு அஞ்சி, ஏதேனும் ஓர் அசைவால் அதனை நிரப்பிவிடுவர். சிவகாசியில் வளர்ந்தவர்க்கு, திரி எரிந்து முடிவதற்கும் வாணம் எழுவதற்கும் இடைப்பட்ட கணத்தின் சுவை தெரியும். அந்தக் கணத்தில் அசையாது நிற்கத் தெரிந்தவளே கலைஞர்.

இனி நம் ஊர்களின் நிலைமைக்கு வருகிறேன். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் ஆகியவற்றை அமர்த்தப் பெரும்பொருள் வேண்டும். எளிய குடும்பத்துக் குழந்தைகள் பதிவு செய்த பாட்டுக்கே ஆடப் பழகுகின்றனர். அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் பதிவுப் பாட்டு எவருக்காகவும் காத்திராது. ஆடுபவளின் மூச்சைக் கேட்டுத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. ஒரு பள்ளி ஆண்டுவிழாவில், நடுவே மின்சாரம் நின்றுபோனதை நான் கண்டேன். பதிவுக்கு ஆடிய சிறுமியர் சிலைபோல் நின்றுவிட்டனர். அடுத்து வந்த கும்மிப் பெண்களோ, கைவிளக்கின் ஒளியில் தாமே பாடி, தாமே கைகொட்டி, முழுதும் ஆடி முடித்தனர். எந்தக் கூட்டம் இசையைத் தன்னுள் வைத்திருந்தது என்பதை அவையோர்க்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆதலின், பெற்றோர்களே, பொருட்செலவில்லாத சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். நாள்தோறும் கால்மணி நேரம், குழந்தை ஆடாமல் பாட்டை மட்டும் கேட்கட்டும். ஆடும் பாடல் எதுவாயினும், அதன் சொற்பொருளை உணர்ந்து, குரல் இனிமையைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டுப் பாடட்டும். வாரத்தில் ஒருநாள் பதிவை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ளவர் கைத்தாளமிட அவள் ஆடட்டும். ஊர்த் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கும் இடத்தில் அவளை முன்வரிசையில் அமர்த்துங்கள். கால்களின் பயிற்சியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். செவியின் பயிற்சி வீட்டில்தான் தொடங்க வேண்டும்.