எலியாரே... உங்களுக்கு வேற வண்டியே கிடைக்கலையா?

பிள்ளையாருக்கு வாகனம் எலி. அந்த எலிக்கே ஒரு வாகனம் வேணும்னு ஆசை வந்தா? நேரா நம்ம வீட்டு கார் ஷெட்டுக்கு வந்துடும்! காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சு விடாது. பானட்டைத் தூக்கினால் உள்ளே பஞ்சு, தேங்காய்ச் சில்லு, கோழி எலும்பு... நடுவில் நார் நாராகத் தொங்கும் வயர்கள். அப்பா முகத்தைப் பார்க்கவே முடியாது.

கார் வெச்சிருக்கிறவங்க கவலை, நமக்கென்னன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஹாஸ்டல் ஸ்டாண்டில் மாசக்கணக்கில் நிற்குதே உங்க பைக், அதன் சீட்டுக்கு அடியிலும் இதே கச்சேரி நடக்கலாம்.

பல்லுதான் பிரச்னை பாஸ்!

எலிக்கு முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல்! தேய்க்காமல் விட்டால் வாயையே மூட முடியாது. அதனால் கிடைச்சதையெல்லாம் கொறிக்கும். பல்லின் முன்பக்கம் மட்டும்தான் கெட்டியான எனாமல், பின்பக்கம் மிருது. பின்பக்கம் சீக்கிரம் தேய, முன்பக்கம் உளி மாதிரி தானாகவே கூராகிக்கிட்டே இருக்கும். வயருக்குள் இருக்கும் செம்பு அந்தப் பல்லுக்கு முன்னால் ஒண்ணுமே இல்லை.

சரி, அதுக்கு நம்ம வண்டிதான் கிடைச்சதா? எலி பார்வையில் யோசிங்க. ஓடி வந்து நின்ற இன்ஜின் ராத்திரி வெகு நேரம் கதகதப்பா இருக்கும். இருட்டு, மழை படாது. ஏ.சி. ரூமே போட்டுக் கொடுத்த மாதிரி! சுண்டெலி நுழைய கால் அங்குல இடைவெளி போதும்.

சோயா வதந்தி

'இப்ப வர்ற வயருக்கு மேல சோயாவில் செஞ்ச உறை போடறாங்க, அதான் எலி ருசிச்சு சாப்பிடுது'ன்னு ஒரு கதை உலகம் முழுக்க ஓடுது. 2016-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டொயோட்டா மீது கார் உரிமையாளர்கள் இதற்காக வழக்கே போட்டார்கள். சோயாவால்தான் எலி வருது என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் தங்களுக்குத் தெரியவில்லை, எல்லா கம்பெனி வண்டியிலும் இது நடக்குது என்பது நிறுவனத்தின் பதில். ஒரு விஷயம் மட்டும் நிச்சயம்: சோயா பேச்சே இல்லாத காலத்து பி.வி.சி. வயரையும் எலி விட்டு வைத்ததில்லை.

ஜெர்மனியில் வில்லனே வேற. 'மார்ட்டென்' என்ற விலங்கு அங்கே கார் வயரையும் ரப்பர் குழாயையும் கடிக்குது. தன் ஏரியாவுக்குள் வந்த காரில் வேறொரு மார்ட்டென் வாசனை அடித்தால் கோபம் வந்து கடிக்குமாம். நம்மூர் ஏரியா தகராறேதான்!

ஒரு கடி... என்ன ஆகும்?

இன்றைய காரில் இருக்கும் வயர்களை நீட்டிக் கட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். அதில் சென்சார் வயர்கள் நூல் மாதிரி மெல்லிசு. அதில் ஒண்ணு போனாலும் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் 'கேன் பஸ்' என்ற முறுக்கு ஜோடி வயர் அறுந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம்.

உண்மையான ஆபத்து வேறு. உறை போன வயர் பாடியில் உரசினால் ஷார்ட் சர்க்யூட். பக்கத்திலேயே பெட்ரோல் குழாயையும் கடித்திருந்தால்? தீப்பிடிக்க வேறென்ன வேணும்! அதனால்தான் சொல்றோம், ஃப்யூஸ் போச்சேன்னு சிகரெட் ஃபாயிலைச் சுத்தி மாட்டுற 'டெக்னிக்'கை விட்டுடுங்க. ஃப்யூஸ் போனது உங்களைக் காப்பாத்தத்தான்.

மிளகாய் வைத்தியம்

எலிக்கு ஒரு பாட்டி வைத்தியமும் உண்டு, அதை ஹோண்டாவே விற்குது! கேப்சைசின் கலந்த டேப். மிளகாயில் காரம் தருவது இந்தப் பொருள்தான். வயர் மேல் சுற்றிவிட்டால், கடித்த எலிக்கு வாய் எரியும். நம் நரம்பில் காரத்தை உணரும் வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசே கிடைத்தது. எலிக்கும் அதே வாயில் உண்டு. பறவைகளுக்கு அது காரத்தைக் கண்டுகொள்ளாது. கிளி மட்டும் மிளகாயை ஜாலியா கொறிக்கும் ரகசியம் இதுதான்!

புகையிலை, நாப்தலீன் உருண்டை? இன்ஜின் சூட்டில் வாசனை சீக்கிரம் பறந்துடும், அடிக்கடி மாத்தணும். புகையிலைத் துணியை சைலன்ஸர் குழாய் பக்கம் மட்டும் வெச்சுடாதீங்க. அல்ட்ராசானிக் கருவி? கொஞ்ச நாளில் எலிக்குப் பழகிடும். இந்தக் கருவிகளை ஆதாரமில்லாமல் விளம்பரப்படுத்தக் கூடாதென்று 2001-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது. விஷம்? எலி ஏ.சி. குழாய்க்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றத்தோடுதான் பயணம். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்ற ஆந்தையும் சாகலாம்.

காசில்லாமல் காப்பாத்த...

* வண்டியை நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தாதீங்க. லீவில் போனால் நண்பனிடம் சாவி கொடுத்து வாரம் இருமுறை ஓட்டச் சொல்லுங்க.
* சீட்டில் சிப்ஸ் தூள், பிஸ்கட் பாக்கெட் வேண்டாம். குப்பைத்தொட்டி பக்கத்திலும் நிறுத்த வேண்டாம்.
* வீட்டு ஷெட்டில் ராத்திரி பானட்டைத் திறந்து வைக்கலாம். எலிக்குப் பிடித்த இருட்டும் கதகதப்பும் குறையும்.
* கூட்டைக் கண்டால் வெறுங்கையால் அள்ளாதீங்க. எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் வழியாக. கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து, அப்புறம் அள்ளுங்க.
* கடிபட்ட வயரை முறுக்கி டேப் ஒட்டி ஓட்டாதீங்க. மெக்கானிக்கிடம் காட்டி முறையாக இணைக்கச் சொல்லுங்க.
* இன்ஷூரன்ஸ் பேப்பரை இன்னிக்கே எடுத்துப் படிங்க. வெறும் தேர்டு பார்ட்டி என்றால் எலிக்கடிக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி என்றாலும் எலிக்கடி அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஐந்து நிமிஷம். வயரிங் மொத்தமும் மாற்றினால் வரும் பில்லைப் பார்த்தால், அப்பா அடுத்து மாற்றப் போவது உங்க பாக்கெட் மணியைத்தான். ஊருக்குக் கிளம்பும்முன் ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பாருங்க பாஸ்... உள்ளே யாராவது குடியிருக்காங்களான்னு!