ஐந்து மைல் சுயராஜ்யம்

காசியாத்திரை, கடல் யாத்திரை என்றால் நம்மில் எல்லோருக்கும் உற்சாகந்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், மனித வாழ்நாளின் பெரும் பகுதி வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து மைலுக்குள்ளேயே கழிந்து விடுகிறது. தண்ணீர்த் துறை, சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பெண்ணைக் கொடுத்த பக்கத்துக் கிராமம் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. இந்தச் சின்னஞ்சிறு ராஜ்யத்தை ஆள்வதற்குச் சைக்கிளைப் போன்ற வாகனம் வேறொன்றும் கிடையாது.

இது வெறும் புகழ்ச்சி அல்ல, கணக்கு. காலால் நடப்பவர் மணிக்கு மூன்று மைல் போகலாம். சைக்கிளில் ஏறியவர் அதே சிரமத்துடன் ஒன்பது மைல் போய் விடுவார். "மூன்று பங்குதானே அதிகம்?" என்று அலட்சியமாகச் சொல்லி விடாதீர்கள். வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். ஆரம் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும். ஒரு மணி நேரத்தில் நடப்பவருக்கு எட்டுவது ஓர் ஊர் என்றால், சைக்கிள்காரருக்கு ஒன்பது ஊர்!

இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டில் ஸ்டார்லி என்பவர், ஏறக்குறைய சமமான இரு சக்கரங்களும் பின் சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட சைக்கிளைச் செய்தார். அதற்கு முன்பிருந்த வண்டியின் முன் சக்கரம் கிட்டத்தட்ட ஆள் உயரம். ஏறுவதற்குத் தைரியமும் இறங்குவதற்கு அதிர்ஷ்டமும் வேண்டியிருந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டு வந்ததும், எலும்பு நோகாமல் எவரும் சவாரி செய்யலாம் என்றாயிற்று.

எவரும் என்றா சொன்னேன்? நம் நாட்டுக் கிராமங்களில் வெகு காலம் வரையில் அந்தச் சொல்லுக்கு "எந்த ஆண்மகனும்" என்றுதான் பொருள். வீட்டில் சைக்கிள் இருந்தால், பெண்மணிகளுக்கு உரிய ஸ்தானம் பின்னாலிருந்த காரியர்!

இந்த வழக்கத்தை அசைத்துக் காட்டிய பெருமை புதுக்கோட்டையைச் சேர்ந்தது. 1948 வரையில் தனி சமஸ்தானமாக இருந்து, 1974-இல் தனி மாவட்டமான வறண்ட பூமி அது. அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி. எழுத்துக் கற்பிக்கும் தொண்டர்களிலும் கற்க வருவோரிலும் ஏராளமானவர்கள் பெண்கள். ஊருக்கு ஊர் போக அவர்களுக்கு வழி வேண்டுமே? ஆகவே, அகர முதல எழுத்துக்களுடன் சைக்கிள் விடுவதும் ஒரு பாடமாகச் சேர்ந்தது.

முதலில் கேலிப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் கேலியைக் காதில் போட்டுக் கொண்டால் வண்டி சாய்ந்து விடும் என்பதை அந்தப் பெண்கள் சீக்கிரமே தெரிந்து கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. அதனாலென்ன? ஆண்கள் சைக்கிளையே எடுத்துக் கொண்டார்கள். அதன் குறுக்குக் கம்பியைத் தடையென்று கருதாமல், குழந்தையை உட்கார்த்தி வைக்க வாகான இடம் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு! 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தன்று, ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் அணிவகுத்துச் சென்றார்கள்.

அணிவகுப்பு ஒரு நாள் வைபவம். அதைவிட முக்கியமானது மறுநாள் காலையில் நடந்த காரியம். முன்பெல்லாம் விளைபொருளை விற்கப் புறப்பட்டவள் எப்போதாவது வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். பஸ் நிற்கும் இடத்திற்கே தகப்பனோ, தமையனோ, கணவனோ கொண்டு விட வேண்டும். பொருள் பாதி விற்றும் விற்காமலும் குழந்தையையும் குடி தண்ணீரையும் நினைத்துத் திரும்பி ஓடி வருவாள். சைக்கிள் வந்ததும் அவளுடைய பொழுது அவளுக்கே சொந்தமாயிற்று. "யாராவது கொண்டு விடுவார்களா?" என்ற கேள்வி வீட்டைவிட்டுப் போவதைக் காட்டிலும் பெரிய விடுதலை உண்டா?

பிற்காலத்தில், 2000-க்குப் பிறகு, தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் வழங்கலாயிற்று. இன்று சீருடையணிந்த சிறுமிகள் வரிசையாகச் சைக்கிளில் போவதைக் கண்டு எவரும் வாய் பிளப்பதில்லை. ஆனால் வேறொரு குறை வந்திருக்கிறது. சாலைகள் அகன்று விட்டன; ஓர மரங்கள் மறைந்து விட்டன; லாரியும் காரும் விரையும் வழியில் அந்தச் சிறுமிக்கென்று ஒரு முழ இடம் இருப்பதில்லை. வண்டியைக் கொடுத்தவர்கள் வழியையும் கொடுக்க வேண்டாமா?

அது ஆள்வோர் செய்ய வேண்டியது. நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் சைக்கிள் விடத் தெரியாத பெண்ணோ பேத்தியோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆசனத்தைப் பின்னாலிருந்து பிடித்துக் கொண்டு கூடவே ஓடுங்கள். அவள் முழங்காலில் ஒரு சிராய்ப்பு நிச்சயம் ஏற்படும். அதற்குத் தேங்காயெண்ணெய் இருக்கிறது. சமயம் பார்த்து, அவளிடம் சொல்லாமலே கையை எடுத்து விடுங்கள். கற்றுக் கொடுப்பதில் கடினமான பகுதி அதுதான்.