வார்த்தையை நடிச்சுப் பார்த்தா மறக்காது!

கடையின் கண்ணாடிக் கதவில் ‘புல்’ என்று எழுதியிருக்கும். நாம் தள்ளிக்கொண்டு நிற்போம். ‘புல்’னா இழு, ‘புஷ்’னா தள்ளு என்று சின்ன வகுப்பிலேயே பலமுறை எழுதியவர்கள்தான். அர்த்தம் நோட்டுக்குப் போனது, கைக்கு வரவில்லை.

கைக்கும் காலுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தால்? 1960-களில் இதை ஒரு கற்பித்தல் முறையாக்கினார் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர். பேச்சு வராத குழந்தைகூட ‘இங்க வா’, ‘பந்தை எடு’ என்றால் செய்துவிடுகிறது. புரிதல் முதலில், பேச்சு பிறகு. புது மொழியையும் இதே வரிசையில் கற்றுத்தரலாம் என்றார் அவர். ‘டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ்’ என்பது அந்த முறையின் பெயர்.

வகுப்பில் எப்படி?

ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தைகள் போதும். டீச்சர் முதலில் சொல்லிக்கொண்டே செய்துகாட்ட வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து செய்யலாம். அடுத்து, டீச்சர் சொல்ல மட்டும் வேண்டும், பிள்ளைகள் செய்வார்கள். வார்த்தைகளின் வரிசையை அடிக்கடி மாற்றுங்கள். இல்லாவிட்டால், காது கேட்காமலே உடம்பு வரிசையை மனப்பாடம் பண்ணிவிடும்!

குட்டி நாடகம்

‘வாக்’, ‘மார்ச்’, ‘டிப்டோ’ மூன்றுமே நடைதான். போர்டில் அர்த்தம் எழுதிப்போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ‘பாட்டி தூங்குறாங்க. சத்தமே வராம முறுக்கு டப்பாவை எடுக்கணும்’ என்று சொல்லிப்பாருங்கள். குதிகால் தானாக உயரும். அதுதான் ‘டிப்டோ’. வெறுங்கையால் அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல நடித்தால் ‘ஹெவி’ புரிந்துவிடும்.

எல்லா வார்த்தையையும் இப்படி நடிக்க முடியாது. ‘நேர்மை’ போன்றவற்றுக்குக் கதைதான் சரி. நடித்த வார்த்தையை அன்றே வாசிக்கவும் எழுதவும் வைக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் விளையாட்டாகவே நின்றுவிடும்.

வாய் திறக்காத பிள்ளைக்கு...

வீட்டில் இங்கிலீஷே கேட்காத பிள்ளை, ‘தப்பாச் சொன்னா சிரிப்பாங்களே’ என்று கடைசி பெஞ்சில் ஒடுங்கியிருக்கும். அதற்கு ஒன்றும் தெரியாது என்று நாமும் முடிவுகட்டிவிடுவோம். ‘புஷ்’ என்றதும் அந்தப் பிள்ளையின் கை முன்னால் நீண்டால், விஷயம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ‘வாயால சொல்லு’ என்று உடனே நெருக்காதீர்கள். கொஞ்ச நாளில் தானாகவே சொல்லும். அடுத்த கட்டமாக, ‘இன்னிக்கு நீதான் டீச்சர்’ என்று கட்டளையிடும் பொறுப்பை அதனிடமே கொடுங்கள்!