நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது!

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி மானிட்டரில் கோடு நேராகிவிடும். 'டொய்ங்ங்...' டாக்டர் இஸ்திரிப்பெட்டி மாதிரி இரண்டை எடுத்து நெஞ்சில் வைப்பார். ஹீரோ எழுந்து உட்காருவார். நானும் விசிலடித்தவன்தான்.

அத்தனையும் புருடா, ஸார்!

பி.காம். படித்த எனக்கு இது தெரிந்த விதம் கசப்பானது. சில வருஷம் முன்பு, சேவூரில் டீ குடித்துக்கொண்டிருந்த என் மாமா திடீரென்று சரிந்தார். கை கால் வெட்டி இழுத்தது. 'கர்... கர்...' என்று விட்டு விட்டு மூச்சு.

"வலிப்புங்க! இரும்பு குடுங்க!" என்றார் ஒருவர். பைக் சாவியை மாமா கையில் திணித்தேன். இன்னொருவர் சோடா தெளித்தார். கார் பிடித்து ஆஸ்பத்திரி போனபோது கோடு நேராகியிருந்தது.

"ஷாக் வைங்க டாக்டர்!" என்று கத்தினேன். அவர்தான் பிறகு பொறுமையாக விளக்கினார். நான் நம்மூர் பாஷையில் சொல்கிறேன்.

இதயம் ஒரு பனியன் கம்பெனி. சூப்பர்வைசர் சொல்படி எல்லா மெஷினும் ஓடினால்தான் பீஸ் வெளியே வரும். உற்பத்தி நிற்பது நான்கு விதம்.

ஒன்று: ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மிதிக்கிறார்கள். சத்தம் உண்டு, பீஸ் இல்லை. மானிட்டரில் வெறும் கிறுக்கல். பெயர் 'வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்'.

இரண்டு: மோட்டார் வெறிபிடித்து ஓடுகிறது. துணி நுழையவே நேரமில்லை. அகல அலைகள் நெருக்கியடித்து வரும், நாடி இருக்காது. இது 'வென்ட்ரிகுலர் டாகிகார்டியா'.

மூன்று: கரண்ட் கட். நேர்கோடு.

நான்கு: விளக்கு எரிகிறது, ஊசி இறங்கவில்லை. கோடு ஒழுங்காகத் தெரியும், நாடி இருக்காது.

முதல் இரண்டுக்கு மட்டுமே ஷாக். மற்ற இரண்டுக்கும் நெஞ்சை அழுத்துவது, மருந்து, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது. ஏனென்றால் ஷாக் இதயத்தை 'ஸ்டார்ட்' செய்வதில்லை. "எல்லாரும் நிறுத்துங்க!" என்று அதட்டுகிறது. அந்த நிசப்தத்தில்தான் சூப்பர்வைசர் குரல் மறுபடி எடுபடும்.

மாமாவுக்கும் முதலில் கிறுக்கலாக இருந்திருக்கலாம். கிறுக்கல் காத்திருக்காது, நேர்கோடாகிவிடும். நெஞ்சை அழுத்தாமல் வேடிக்கை பார்த்தால், பிழைக்கும் வாய்ப்பு நிமிஷத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எந்தக் கந்துவட்டிக்காரனும் வாங்காத வட்டி!

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் யூரோ கோப்பை மேட்ச். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், வயது 29, ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்தார்கள். பிழைத்தார். 2022 பிப்ரவரியில் மறுபடி ஆடவே வந்துவிட்டார்!

கிறுக்கலா, நேர்கோடா என்று நாம் படிக்க வேண்டியதில்லை. 'ஏ.ஈ.டி.' என்ற பெட்டி தானே படித்து, தேவையென்றால் மட்டும் ஷாக் கொடுக்கும். பக்கத்தில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். தட்டிக் கூப்பிட்டும் பதிலில்லையா? மூச்சு இல்லையா, அல்லது வெறும் 'கர்... கர்...'தானா? உடனே 108. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அடுத்த தடவை யாராவது "இரும்பு குடுங்க" என்று கத்தினால், என் சாவி பாக்கெட்டிலேயே இருக்கும். கைகள் இருக்காது.